ஒன்பதாம் எண் மெழுகுதிரி

கப்பல் வராது என்று
துறைமுக வாசலில் ஓர் அட்டை.
மழையில் மற்ற எழுத்தெல்லாம் கரைந்து
"வராது" மட்டும் மிச்சம்.
மூன்றாம் எண் கூண்டு ஏறியிருந்தது.
பெட்டிகளோடு திரும்பினோம்,
நாகப்பட்டினத்தின் அதே லாட்ஜ், அதே இருநூற்று நான்கு,
காயாத அதே துவாய்.

வெளிநாட்டவர் படிவத்தை மறுபடி நிரப்பிய
மேலாளர் பக்கிரிசாமி
கடவுச்சீட்டில் விரல் வைத்து நிமிர்ந்தார்.
"பாப்பாவுக்கு இன்னிக்கிப் பொறந்தநாளுங்களா?"
அதற்குள் போன். கீழ்வேளூரிலிருந்து தம்பி.
"தாளடி முங்கிப்போச்சா?
மடையத் தொறந்து என்னடா பண்ண,
கடலு எதுத்துக்கிட்டு நிக்கிது."
காவிரி வந்து முடிகிற ஊர்.
முடியவும் இடமில்லாமல் தெருவில் நின்றது தண்ணீர்.

நிலக்சனாவின் வழக்கு வேறு.
கோப்பாயில் வகுப்புப் பிள்ளைகள் பதினொரு பேருக்கு
அவளே சொல்லிவைத்த விருந்து இன்று.
"வெளிநாட்டில பிறந்தநாள்! ஆருக்குக் கிடைக்கும்?"
என்றார் இவர்.
"பொய். இது வெளிநாடே இல்லை.
எல்லாரும் தமிழ் கதைக்கினம்.
வெளிநாடெண்டால் சித்தி இருக்கிற இடம்.
அங்க ஐஸ் கொட்டும்."

நான் முதலில் இந்தக் கடலைக் கடந்தது தொண்ணூறில்.
இரவு. வள்ளம். வயது ஐந்தோ ஆறோ.
என் வாயைப் பொத்தியிருந்த கையில்
வெங்காய மணம்.
அதை அவளுக்கு இன்னும் சொல்லவில்லை.
இன்றைக்குக் கேக் வாங்க வேண்டும்.

பேக்கரியில் ஒரே ஒரு கேக், பச்சை நிறம்.
யாரோ சொல்லிவிட்டு வாங்க வராதது.
பெயர் எப்படி எழுதுவது என்று பையன் கேட்க
ஆவி படிந்த கண்ணாடியில் விரலால் எழுதிக் காட்டினாள்.
"மெழுகுதிரி இருக்கோ?"
"என்ன திரி?"
"மெழுகு...திரி."
"ஓ, மெழுகுவத்தியா!"
அவள் கண் விரிந்தது.
அலமாரியைச் சுட்டினாள்: "பாண்."
"பாணா? அது பிரெட்டு, பாப்பா."
அடுத்த கடையில் தொங்கிய சோப்பைக் காட்டி
"சவர்க்காரம்?"
பையன் சிரித்துக் கையை விரித்தான்.
திரும்பி அப்பாவின் சட்டையை இழுத்தாள்,
குரலைத் தாழ்த்தி, கண்டுபிடித்தவளைப்போல:
"அப்பா, இது வெளிநாடுதான்."

ஆறு தீர்ந்துவிட்டதாம். ஒன்பதுதான் இருந்தது.
தலைகீழாக நட்டோம்.
திரி கேக்குக்குள், குச்சி விட்டத்தைப் பார்த்து.
எப்படிக் கொளுத்துவது என்று நாங்கள் யோசிக்கும்போதே
கரண்ட் போனது.

பக்கிரிசாமி வந்தார்,
சாஸரில் ஒட்டிய வெறும் மெழுகுதிரியோடு,
முழங்கால்வரை நனைந்த வேட்டியோடு.
பாட்டு தெரியாது, கைமட்டும் தட்டினார்,
தாளம் தப்பி.
ஊது, ஊது என்றோம்.
நிலக்சனா கன்னத்தை உப்பி, அப்படியே நிறுத்தினாள்.
"ஊதினா இருட்டாப் போகுமே."
சரிதான்.
அந்த அறையில் அது ஒன்றுதான் வெளிச்சம்.

ஊதாமலே கேக் வெட்டினோம்.
தன் பெயரின் முதல் எழுத்தை
பக்கிரிசாமிக்கு ஊட்டினாள்.
"வயலு?" என்று இவர் மெல்லக் கேட்டார்.
"காலையில பாக்கணும்" என்றார் அவர்,
மீசையில் பச்சை ஐசிங்.

ஒன்பதே காலுக்குக் கரண்ட் வந்தது.
தெரு முழுக்க, மாடிகள் முழுக்க,
பிள்ளைகள் "ஏஏஏய்" என்று ஒரே கூச்சல்.
ஜன்னல் கம்பியைப் பிடித்து அவள் கேட்டாள்,
"இவைக்கெல்லாம் ஆர் சொன்னது?"
பக்கிரிசாமி என்னைப் பார்த்தார்.
நான் அவரைப் பார்த்தேன்.

மூன்றாம் நாள் கூண்டு இறங்கியது.
வரிசையில் நின்றபோது
கடவுச்சீட்டுப் பையில் ஏதோ தடித்திருந்தது.
பார்த்தேன்: கொளுத்தாத ஒன்பது,
காலில் காய்ந்த பச்சைக் கிரீம்.
"எறியாதேங்கோ அம்மா" என்றாள்.
"இன்னும் மூண்டு வருசந்தானே."